மாலைக்குள் பதில் வேண்டுமாம்! நெருக்கடியில் தொழில் முடிவெடுக்க ஒரு செய்முறை

காலையில் ஒரு பெரிய வாடிக்கையாளர் போன் செய்கிறார். "வழக்கமாக வாங்குவதைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 15 சதவீதம் தள்ளுபடி வேண்டும், பணம் 60 நாள் கழித்துத்தான். மாலைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்." புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். இந்த ஒரு போனையே உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: கெடு உண்மையானதா என்று கேளுங்கள்

அவசரம் பெரும்பாலும் எதிரில் இருப்பவருடையது. "எத்தனை மணிக்குள் வேண்டும்? அதற்கு மேல் போனால் உங்களுக்கு என்ன சிக்கல்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். உண்மையான காரணம் இருந்தால் சொல்லிவிடுவார். இல்லையென்றால் "சரி, நாளைக் காலையில் சொல்லுங்கள்" என்று இறங்கி வருவார்.

இதைக் கேட்காமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "இன்றைக்கே பணம் கட்டினால்தான் இந்த விலை" என்றார் சரக்கு கொடுப்பவர். ஆறு மாதத்துக்கான சரக்கை அன்றே வாங்கிப் போட்டேன். அடுத்த வாரமும் அதே விலைதான். கிடங்கில் இடமில்லை, கையில் காசில்லை.

படி 2: திரும்பி வர முடியுமா என்று பாருங்கள்

அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ், பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் முடிவுகளைக் கதவுகளாகப் பிரித்தார். சில கதவுகளில் நுழைந்தால் திரும்பி வர முடியாது. மற்றவற்றில் உள்ளே போய்ப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் வெளியே வந்துவிடலாம். பெரும்பாலான முடிவுகள் இரண்டாவது வகைதான் என்பது அவர் கருத்து. வேண்டும் என்று நினைக்கும் தகவலில் 70 சதவீதம் கையில் இருந்தாலே போதும், 90 வரை காத்திருந்தால் தாமதம் என்றும் பின்னர் எழுதினார்.

விளம்பரத்தை மாற்றுவது, வேலை நேரத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். கூட்டாளி சேர்ப்பது, சொத்தை அடமானம் வைப்பது என்றால் யார் அவசரப்படுத்தினாலும் ஒரு இரவு தூங்கி எழுந்து பதில் சொல்லுங்கள். நம் உதாரணம் பார்ப்பதற்கு ஒரே ஒரு ஆர்டர்தான். ஆனால் ஒருமுறை குறைத்த விலையை அதே ஆளிடம் மறுபடி ஏற்றுவது லேசில் நடக்காது.

படி 3: பத்து நிமிடம் கணக்குப் போடுங்கள்

தயவுசெய்து மனக்கணக்கு வேண்டாம். பதற்றத்தில் "இரண்டு மடங்கு" என்ற சொல் மட்டும்தான் காதில் விழும். தாளில் எழுதுங்கள்.

விற்பனை விலை 100, அடக்கவிலை 75 என்றால் லாபம் 25. பதினைந்து சதவீதம் குறைத்தால் விலை 85, லாபம் 10. இரண்டு மடங்கு விற்றாலும் மொத்த லாபம் 20தான். அதாவது வேலை இரட்டிப்பாகும், லாபம் முன்பைவிடக் குறையும்! பழைய லாபத்தைத் தொடவே இரண்டரை மடங்கு விற்க வேண்டும்.

அப்புறம் ரொக்கம். சரக்குக்கான 150ஐ முதலில் நீங்கள் போட வேண்டும், அது 60 நாள் கழித்துத்தான் திரும்பும். அதற்கிடையில் இரண்டு சம்பளத் தேதி வரும். லாபம் இருந்தும் ரொக்கம் இல்லாமல் படுத்துவிடும் தொழில்கள் உண்டு.

ஒரு விதிவிலக்கு: உயிர், உடல்நலம் சம்பந்தப்பட்டிருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போடுங்கள். 1982இல் சிகாகோ பகுதியில் விஷம் கலக்கப்பட்ட டைலெனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களால் ஏழு பேர் இறந்தார்கள். கலந்தது நிறுவனமல்ல, வெளியாள் வேலை என்றே கருதப்பட்டது. இருந்தும் அந்த மருந்தை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் 3 கோடிக்கும் மேற்பட்ட குப்பிகளைத் திரும்பப் பெற்றது.

படி 4: "போதும்" என்பதற்கு அளவு வையுங்கள்

ஆகச் சிறந்த வழியைத் தேடினால் மாலை போய்விடும். மனிதர்கள் நடைமுறையில் போதுமான வழி கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று விளக்கிய ஹெர்பர்ட் சைமனுக்கு 1978இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நீங்களும் இரண்டு நிபந்தனை எழுதுங்கள்: மொத்த லாபம் 25க்குக் குறையக் கூடாது, பாதிப் பணம் முன்பணமாக வர வேண்டும். இவற்றுக்குள் அடங்கும் முதல் வழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

5 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விலை 95, ஒன்றுக்கு லாபம் 20, இரண்டு மடங்குக்கு 40. பாதி முன்பணம் 95 வந்துவிட்டால், கையிலிருந்து நீங்கள் போட வேண்டியது 55 மட்டுமே. இது போதும்.

படி 5: சொல்லிவிட்டு எழுதி வையுங்கள்

கெடுவுக்கு முன்பே நீங்களே போன் செய்யுங்கள். "5 சதவீதம் தருகிறேன், பாதி முன்பணம், மீதிக்கு 60 நாள்." அவ்வளவுதான், நீண்ட விளக்கம் வேண்டாம், விளக்கம் நீள நீள எதிரில் இருப்பவர் பேரம் பேசுவார். அவர் மறுத்தால் மறுக்கட்டும், 20 லாபத்துக்கு இரட்டை வேலை பார்ப்பதைவிட அது மேல்.

பிறகு ஒரு நோட்டில் மூன்று வரி: என்ன முடிவு, அன்று என்ன தெரிந்திருந்தது, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது. என் நோட்டில் அந்த ஆறு மாதச் சரக்குக்கான பக்கத்தில் காரணம் என்று ஒரே வரிதான் இருக்கிறது: "அவர் அவசரப்படுத்தினார்."