கதாநாயகியின் அம்மாவைக் கொன்றுவிடாதீர்கள்: நகரத்துக் காதல் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு என் மேசைக்கு ஏழு கையெழுத்துப் பிரதிகள் வந்தன. ஏழும் கோலாலம்பூரில் நடக்கும் காதல் நாவல்கள். எழுதியவர்கள் எல்லாரும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்தவர்கள். ஒருவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், இருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், ஒரு பெண் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். ஏழில் ஐந்து கதைகளில், முதல் பத்துப் பக்கத்துக்குள் கதாநாயகியின் அப்பாவும் அம்மாவும் சாலை விபத்தில் இறந்துவிட்டார்கள்.

படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன்.

ஒற்றுப்பிழை, நீண்ட வர்ணனை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும் கண் நிறம் இவற்றையெல்லாம் யார் வேண்டுமானாலும் திருத்தித் தருவார்கள். நான் அவற்றைத் தொடவில்லை.

சென்னைப் பேச்சு

சினிமாவும் சீரியலும் பார்த்து வளர்ந்த காதில் அந்தத் தமிழ்தான் காதல் மொழியாகப் பதிந்திருக்கிறது. அதனால் பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் பெண் தன் தோழியை "மச்சி" என்கிறாள், ஆட்டோவில் ஏறுகிறாள். இங்கே ஏது ஆட்டோ? நம் பெண் காலையில் "பசியாறிட்டியா?" என்று கேட்பாள். "ரொட்டி சானாய் தப்பாவ் பண்ணி வெச்சிருக்கேன், வா லா" என்பாள்; தப்பாவ் என்றால் பொட்டலம் கட்டி வாங்குவது. காசை வெள்ளி என்பாள். இந்தச் சொற்களில் காதல் வராது என்று நினைக்கிறவர்கள், தங்கள் வீட்டில் நடந்த கல்யாணங்களை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

வழியும் நேரமும்

ஒரு பிரதியில் காதலன் கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்து நிமிடத்தில் கிள்ளான் போய்ச் சேர்கிறான். கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இன்னொரு கதை 2019-இல் நடக்கிறது, அதில் இருவரும் எம்ஆர்டி ரயிலில் புத்ராஜெயா போகிறார்கள். அந்தத் தடம் முழுதாகத் திறந்ததே 2023 மார்ச்சில்தான். ஒரு நாள் லீவு போட்டு, உங்கள் கதாநாயகி போகும் வழியில் அவள் போகும் நேரத்துக்கே போய் வாருங்கள். நிற்க இடமில்லாத வண்டியில் இருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அப்போது தெரியும்.

பெற்றோரைக் கொல்வது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் முதல் நாவலை 2004-இல் எழுதினேன். கோலாலம்பூரில் கணக்கர் வேலை, செந்தூலில் மூன்று பெண்களோடு ஒரே அறை. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை விடியற்காலையில் புடுராயாவில் பஸ் ஏறுவேன். ஈப்போவில் இறங்கி, மெடான் கிட்டில் இன்னொரு பஸ் பிடித்து சுங்கை சிப்புட் வந்து சேர மதியமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அம்மா மைலோ டின்னில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புவார். மூடிக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றியிருப்பார். அப்படியும் எண்ணெய் கசியும். பையின் அடியில் கிடக்கும் சட்டையில் டின்னின் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் விழுந்திருக்கும். அறைத் தோழிகள் பார்ப்பதற்குள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடுவேன். நாவல் எழுத உட்கார்ந்தபோதும் நான் அந்த வட்டத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் கதாநாயகி கோலாலம்பூரில் வசதியானவர்கள் வாழும் பங்சாரில் பிறந்தவள். பெற்றோர் இல்லை. அவள் காதலன் கட்டடக் கலைஞன், அவனுக்கு ஒரே ஒரு தாத்தா, அவரும் லண்டனில். எண்பதாவது பக்கத்தில் கதை நின்றுபோனது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, ஏன் எதற்கு என்று கேட்க ஆளில்லை. நாளைக்கே கல்யாணம் செய்துகொள்ள என்ன தடை? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே பொறாமை பிடித்த ஒரு தோழியைக் கொண்டுவந்தேன். அவள் ஒரு பொய் சொன்னாள். அது போதவில்லை என்று ஒரு கார் விபத்து, பிறகு ஞாபக மறதி.

500 பிரதிகள் என் செலவில் அச்சடித்தேன். 6,000 வெள்ளி. அதில் பாதி அம்மாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். முந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்காமல் பெட்டியிலேயே கிடந்து கரையான் அரித்தது. பணம் போனதைவிட என்னை வருத்தியது, எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாலாவது வீட்டு அத்தை கேட்ட கேள்வி. முப்பது ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாயிறு பத்திரிகையில் வரும் கதைகளை ஒன்றுவிடாமல் படிப்பவர். என் நாவலை இரண்டே நாளில் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே கண்ணு. ஆனா இதுங்க யாரு வீட்டுப் புள்ளைங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளும் இல்லை. அதனால்தான் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை, நானே செயற்கையாகச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டை அழித்தால் தடை போய்விடும். தடை போனால் வில்லன் வந்தே ஆக வேண்டும். தவறான புரிதல், திருட்டுப் போன கைபேசி, யாரோ அனுப்பிய பழைய படம் எல்லாம் அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் வருகின்றன. இதை இன்றைக்கும் ஒவ்வொரு பிரதியிலும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

செம்பனை ஆலைத் தம்பியை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவர் கதையின் காதலர்கள் பங்சார் காப்பிக் கடையிலேயே நாளைக் கழிக்கிறார்கள். "ஏன் தம்பி, ஒருத்தரையாவது நம்ம ஊர்லேருந்து போனவங்களா எழுதியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல என்னக்கா இருக்கு? 1948-ல கம்யூனிஸ்டுங்க தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைமாருங்களச் சுட்டாங்க, அவசரகாலம் வந்துச்சு. அதானே?"

பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் என்று அவருக்குச் சொன்னேன். புங்கே, கிரிசார் என்று இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர் ஒட்டித்தான் அந்தப் பெயரே வந்தது. அவருடைய கதாநாயகி காப்பி குடிக்கிற இடத்தில் பால்வாளி தூக்கி நடந்தவர்கள் உண்டு. பிறகு அவருடைய அப்பாவைப் பற்றி விசாரித்தேன்.

அப்பாவுக்கு இரண்டு வருடத்தில் 60. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டவுனில் ஒரு மலிவு வீடு பார்த்திருக்கிறார்கள், வங்கிக் கடன் அக்காவின் பெயரில். அக்கா கோலாலம்பூரில் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறார். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார்.

"அந்த அண்ணன் எட்டு வருஷமா காத்திருக்காருக்கா. மாசத்துக்கு ஒருக்கா ஈடிஎஸ் ரயில்ல கூடவே வந்து, ஸ்டேஷன்ல அக்காவ எறக்கி விட்டுட்டு அடுத்த வண்டியில திரும்பிப் போயிருவாரு. வீட்டுக்கு வரமாட்டாரு."

"இதை ஏன் எழுதல?"

"இது காதல் கதை இல்லையேக்கா. வீட்டு விஷயம்."

எட்டு வருடமாக ஒருவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல், நடைமேடையிலேயே நின்று திரும்பிப் போகிறார். வில்லன் யாருமில்லை. அப்பா நல்லவர், அக்கா நல்லவர், அந்த மாப்பிள்ளையும் நல்லவர். ஒரு வீட்டுக் கடனும் ஒரு 60-ஆவது பிறந்தநாளும் மூவரையும் கட்டிப் போட்டிருக்கின்றன. இதைவிட நல்ல காதல் கதை எனக்குக் கிடைத்திருந்தால் அந்த ஞாபக மறதியை எழுதியிருக்கவே மாட்டேன்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. தோட்டம் என்றதும் கங்காணி, கப்பல், சஞ்சி (ஒப்பந்தக் கூலிமுறை) என்று மூன்று பக்க வரலாறு எழுதிவிடுகிறார்கள். அக்கா அதையெல்லாம் நினைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருக்க மாட்டாள். அவள் மடியில் ஓர் ஊறுகாய் டின் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் மேல் எண்ணெய் படாமல் பிடித்துக்கொண்டிருப்பாள்.

சம்பளம்

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. உங்கள் காதலர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள், அறை வாடகை எவ்வளவு, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று முதல் வரி எழுதும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மிச்சமிருக்கும் காசில் அவர்கள் எங்கே போய்ச் சாப்பிட முடியுமோ, காதல் அங்கே நடக்கட்டும்.

கோடீஸ்வரக் காதலன்

வேண்டாம்.

மழை

கோலாலம்பூரில் அடிக்கடி சாயங்காலம் மழை பெய்யும். மழை வந்ததால் மட்டும் யாருக்கும் காதல் வராது.

ரெஜிஸ்தர் ஆபீஸ்

மூன்று பிரதிகளில் காதலர்கள் காலையில் சண்டை போட்டு, மத்தியானம் ஓடிப்போய், சாயங்காலத்துக்குள் பதிவுத் திருமணம் முடித்துவிட்டார்கள். இந்த நாட்டில் அது நடக்காது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, சாதாரணமாகப் பதிவிலாகாவில் விண்ணப்பித்து, அந்த அறிவிப்பை 21 நாள் ஒட்டி வைத்திருக்க வேண்டும். 21 வயது ஆகவில்லை என்றால் அப்பாவின் சம்மதமும் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுகிறவர்கள் எவ்வளவு நல்ல காட்சியை இழக்கிறார்கள்! இருவர் பெயரும் பலகையில் ஒட்டியிருக்கும் அந்த மூன்று வாரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அடையாள அட்டை மாற்ற வந்த ஒரு சித்தப்பா கண்ணில் படாமலா போகும்?

ஒருவர் முஸ்லிமாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, மற்றவர் இஸ்லாத்தைத் தழுவ வேண்டியிருக்கும். அதைக் கடைசி அத்தியாயத்துத் திருப்பமாக வைக்காதீர்கள். அப்படிக் காதலிக்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பது

இரண்டாவது நாவலிலிருந்து எதையும் நான் அத்தைக்கு வாசித்துக் காட்டாமல் அச்சகத்துக்குக் கொடுத்ததில்லை. நண்பர்கள் பாராட்டுவார்கள், சக எழுத்தாளர்கள் நடையைப் பற்றிப் பேசுவார்கள். ஆள் யார் என்று கேட்பதற்கு அத்தைதான் வேண்டும். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார், நடுவில் வெற்றிலை மடிப்பார்.

போன மாதம் புது நாவலின் மூன்று அத்தியாயங்களை வாசித்தேன். கதாநாயகி கோலாலம்பூரிலிருந்து இரவில் வந்து இறங்கி, மோட்டாரில் தோட்டத்துக்குள் போகும் இடத்தில் நிறுத்தினேன். கற்பனைத் தோட்டம், பெயரும் நானே வைத்தது. அத்தை வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"அவ வீட்டுப் பக்கம் இப்ப ரோடு போட்டுட்டாங்களா?"