சிட்காம் எபிசோடை முடிவிலிருந்து கட்டுங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேர சிட்காமுக்கு (ஒரே பாத்திரங்கள் வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடர்) விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். அதற்குள் ஒரு சிக்கல் முளைத்து, முற்றி, வெடித்து, அடுத்த வாரத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். முதல் காட்சியிலிருந்து எழுதிக்கொண்டே போனால் பாதி வழியில் கதை நின்றுவிடும். முடிவை முதலில் பிடித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள்.

1994இல் ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' எபிசோடு 'தி மரைன் பயாலஜிஸ்ட்' இதற்கு அருமையான பாடம். ஜெர்ரி, ஜார்ஜ், க்ரேமர் மூவரும் நண்பர்கள். ஜார்ஜ் கடல் உயிரியலாளர் என்று அவனுடைய பழைய கல்லூரித் தோழியிடம் ஜெர்ரி அளந்துவிடுகிறான். ஜார்ஜும் மறுக்காமல் அந்த வேஷத்தைத் தொடர்கிறான். இது ஏ கதை, அதாவது எபிசோடின் முக்கியக் கதை. க்ரேமர் கடற்கரைக்குப் போய் கோல்ஃப் பந்துகளைக் கடலுக்குள் அடிக்கிறான். இது பி கதை, அதாவது கூடவே ஓடும் துணைக் கதை. கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைக் காப்பாற்ற ஜார்ஜ் கடலில் இறங்க வேண்டிவருகிறது. அதன் மூச்சுத்துளையிலிருந்து அவன் எடுப்பது க்ரேமர் அடித்த பந்து!

கவனிக்க வேண்டியது அந்தப் பந்தை முன்கூட்டி விதைத்திருக்கும் விதம். க்ரேமர் திரும்பிவந்து ஆட்டம் சரியில்லை, உடம்பெல்லாம் மணல் என்று புலம்புகிறான். ஒரே ஒரு பந்துதான் நன்றாகத் தூரம் போனதாம். புலம்பலுக்குச் சிரித்துவிட்டு அந்தத் தகவலை நாம் மறந்துவிடுகிறோம். விதைக்கும் வரிக்கு அதற்கென்று தனியாக ஒரு சிரிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'இது பின்னால் வரும்' என்று பார்ப்பவர் மோப்பம் பிடித்துவிடுவார்.

தற்செயலைப் பயன்படுத்தலாம், ஆனால் பாத்திரத்தை மாட்டிவிட மட்டும். திமிங்கிலம் ஒதுங்கியது தற்செயல். அதனால் ஜார்ஜ் இன்னும் ஆழமாகச் சிக்குகிறான். அதே தற்செயல் அவனைக் காப்பாற்றியிருந்தால் கதை செத்திருக்கும்.

இனி அளவு. ஏ கதைக்கு ஐந்தாறு காட்சி, பி கதைக்கு மூன்று நான்கு போதும். காட்சி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அதில் ஒரு திருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள். விளம்பர இடைவேளைக்கு முன் வரும் கடைசி வரி, சிக்கலை ஒரு படி மோசமாக்க வேண்டும். வெறும் ஜோக்கில் நிறுத்தினால் ரிமோட்டுக்குக் கை போய்விடும். பார்வையாளர்கள் முன் பல கேமராக்களில் எடுக்கும் சிட்காமுக்கு வசனத்தை இடைவெளி விட்டு அச்சடிப்பதால் ஸ்கிரிப்ட் 45 பக்கம்வரை வரும். ஒற்றைக் கேமரா என்றால் 30ஐ ஒட்டி.

பழைய நிலைக்குத் திரும்புவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மறு ஒளிபரப்பில் எபிசோடுகளை எந்த வரிசையிலும் போட வசதியாக இருக்கும் என்பது இந்த வழக்கத்துக்கு ஒரு வியாபாரக் காரணம். அதற்காகக் காதலியை வெளியூருக்கு அனுப்புவது சோம்பேறித்தனம். ஜார்ஜ் தானே உண்மையைச் சொல்கிறான், அந்தக் கல்லூரித் தோழி தொலைந்து போ என்கிறாள், அவன் பஸ் பிடித்து வீடு திரும்புகிறான். சேதி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பிரிவுக்குக் காரணம் அவன் தொடர்ந்த பொய்யேதான்.

கடலுக்குள் நடந்ததை அவர்கள் காட்டவும் இல்லை. காபிக் கடையில் உட்கார்ந்து ஜார்ஜ் வாயால் சொல்கிறான். பட்ஜெட் மிச்சம் என்பது இருக்கட்டும். பந்தை அவன் மேலே தூக்கும்போது க்ரேமரும் அங்கேயே இருக்கிறான். ஆகவே இரண்டு கதைகளும் மோதும் இடத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரே அறையில் வையுங்கள்.