பல் வலி: அடைக்கலாமா, ரூட் கெனாலா, பிடுங்குவதா?

பல் டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. எதைச் சாப்பிட்டால் வலிக்கிறது, வந்த வலி எவ்வளவு நேரம் நிற்கிறது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறதா என்ற மூன்றையும் கவனித்துக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே சிகிச்சை எந்தப் பக்கம் போகும் என்பது இதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை எனாமலைத் தின்னும்வரை வலிக்காது. ஒரு கரும்புள்ளியோ சுண்ணாம்பு வெள்ளைத் திட்டோ மட்டும் தெரியலாம். அடுத்த அடுக்கான டென்டினை எட்டியதும் கூச்சம் தொடங்கும். ஐஸ் தண்ணீரோ இனிப்போ பட்டதும் சுரீர் என்று வந்து, வாயைக் காலி செய்த சில விநாடிகளில் போய்விடும் வலி இது. உள்ளே இருக்கும் நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது, ஆனால் உயிரோடு நலமாகத் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

குளிர்ச்சி போன பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடித்தால் கதை மாறுகிறது. சூடான காபி பட்டால் வலிப்பது, எதுவும் சாப்பிடாதபோதே விண்விண் என்று தெறிப்பது, படுத்தால் கூடுவது ஆகிய மூன்றும் நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கிவிட்டதன் அடையாளங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது; சுற்றிலும் கெட்டியான சுவருக்குள் அடைபட்ட நரம்புத் திசு வீங்க இடமில்லாமல் நசுங்குகிறது. இந்த நேரத்தில் வலி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஓடும். கீழ்ப்பல் கெட்டிருக்க, மேல்பல் வலிப்பதாகச் சொல்பவர்கள் நிறைய. எந்தப் பல் என்று கைகாட்ட முடியாவிட்டால் பரவாயில்லை. குளிர்ச்சி வைத்தும் தட்டிப் பார்த்தும் டாக்டர் கண்டுபிடிப்பார். இதற்கு ரூட் கெனால் அல்லது பிடுங்குவது என்ற இரண்டு வழிதான். வெறுமனே அடைத்துவிட்டால் அன்று ராத்திரியே வலி இன்னும் மோசமாகலாம்.

நோயாளிகள் அதிகம் ஏமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். பத்து நாள் உயிரை எடுத்த வலி ஒருநாள் தானாக நின்றுவிடும். மாத்திரை கேட்டது, கிராம்பு கேட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் நரம்பு செத்துவிட்டது. செத்த நரம்பில் வளரும் கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கடிக்கும்போது வலிக்கும், பல் சற்று உயர்ந்து நிற்பது போலிருக்கும், ஈறில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் கசியும். கசிய வழி கிடைத்தபின் வலியே இருக்காது என்பதால் அதோடு ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிவது அங்கே எலும்பு கரைந்த இடம்.

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவி, அதோடு வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்து வந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை அது.

ராத்திரி வலித்தால்

பெரியவர்கள் சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபென் 400 மி.கி., அதோடு பாராசிட்டமால் 650 மி.கி. எடுத்துக்கொள்ளலாம், தனித்தனியாக எடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். எட்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், டெங்கு சந்தேகம் உள்ளவர்கள் ஐபுப்ரோஃபெனைத் தவிர்த்து பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தலையணையை உயர்த்திப் படுத்தாலே கொஞ்சம் குறையும்.

கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும். ஆனால் அதைக் கடுகளவு பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுச் சொத்தைக் குழிக்குள் வைக்க வேண்டும். ஈறிலும் கன்னத்திலும் தடவினால் தோல் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் ஒதுக்கி வைப்பதும் அதே போலப் புண்ணாக்கும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பல் வலிக்கு மருந்தல்ல. வீங்கிய நரம்பின் வலியை அது தொடவே தொடாது. செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேரவும் சேராது. முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால்தான் அதற்கு வேலை; அப்போதும் சீழை வெளியேற்றுவதோ வேரைச் சுத்தம் செய்வதோதான் மூல சிகிச்சை. சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது, புகை போட்டு எடுக்கிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள். சொத்தை உண்டாவது பாக்டீரியா சர்க்கரையைத் தின்று விடும் அமிலத்தால். அதில் புழு எதுவும் கிடையாது.

அடைப்பு

இப்போது அதிகம் வைப்பது பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். சொத்தையை எடுத்து, அமில ஜெல் வைத்துக் கழுவி, பசை தடவி, சுமார் 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளியில் இறுக்குவார்கள். இந்த வேலை நடக்கும்போது எச்சில் பட்டுவிட்டால் பசை பிடிக்காது. சில மாதங்களில் ஓரம் விட்டுப்போகும். நடுவில் நாக்கை நீட்டித் துழாவாமல் இருப்பது நீங்கள் செய்யக்கூடிய உதவி.

அடைத்தபின் ஒன்றிரண்டு வாரம் லேசாகக் கூசலாம். கடிக்கும்போது மட்டும் அந்த ஒரு பல் 'டக்' என்று முதலில் இடித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். மரத்துப்போன வாயில் இது தெரியாது, வீட்டுக்குப் போனபின்தான் தெரியும். தானாகத் தேய்ந்துவிடும் என்று விடாதீர்கள். இடித்துக்கொண்டே இருந்தால் நல்ல நரம்பும் நோகத் தொடங்கும். மறுநாளே போனால் கலர்த்தாளைக் கடிக்க வைத்து ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.

ரூட் கெனால்

நரம்பை எடுத்துவிட்டுப் பல்லை வைத்துக்கொள்ளும் சிகிச்சை இது. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேலே துளையிட்டு, வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களிலிருந்து கெட்ட திசுவை ஊசி போன்ற ஃபைல்களால் சுரண்டி எடுப்பார்கள். இடையிடையே சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். குழாய் எவ்வளவு நீளம் என்பதை அபெக்ஸ் லொகேட்டர் என்ற கருவியும் எக்ஸ்ரேயும் காட்டும். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் குழாயை அடைப்பார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சில சமயம் நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் ஒன்று ஒளிந்திருப்பது சகஜம். அது கண்ணில் படாமல் விடுபடுவது ரூட் கெனால் தோற்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. முன்பு ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் திரும்ப வலித்தால் எம்.டி.எஸ். எண்டோடான்டிக்ஸ் (ரூட் கெனாலுக்கான மேற்படிப்பு) படித்தவரைத் தேடுவது நல்லது.

தொடங்குமுன் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். எச்சில் உள்ளே போகாமலும், கழுவும் கரைசலும் ஃபைலும் தொண்டைக்குள் விழாமலும் காப்பது அதுதான். மாட்டாத இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

வலி உச்சத்தில் இருக்கும்போது ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், கீழ்க் கடைவாயில் குறிப்பாக. வீங்கிய நரம்பு எளிதில் மரக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், கையைத் தூக்குங்கள். கூடுதலாகப் போட வேறு இடங்கள் உண்டு. ஒரே தடவையில் முடிப்பதா, இரண்டு மூன்று தடவை வர வேண்டுமா என்பது சீழைப் பொறுத்தது.

பலர் கோட்டைவிடுவது முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில். நரம்பை எடுத்ததும் வலி நின்றுவிடுகிறது, நோயாளி வருவதில்லை. மேலே வைத்திருப்பது தற்காலிக சிமெண்ட். சில வாரங்களில் அது கரைந்து, எச்சிலும் கிருமியும் திரும்ப உள்ளே இறங்கிவிடும். அப்புறம் முதலிலிருந்து செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். சிமெண்ட் விழுந்துவிட்டால் ஓரிரு நாளுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது இயல்பு. வீக்கம் வந்தால் போன் செய்யுங்கள்.

கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தால் கேப் போட்டே ஆக வேண்டும். சொத்தையாலும் துளையாலும் குடைந்த பல், முறுக்கு கடிக்கும்போது செங்குத்தாகப் பிளந்தால் எந்த டாக்டராலும் ஒட்ட முடியாது. சில வாரங்களுக்குள் போட்டுவிடுவது நல்லது. உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ள கேப் விலை குறைவு. நாளாக ஈறோரம் கறுப்புக்கோடு தெரியலாம். ஜிர்கோனியா என்ற, உலோகம் சேராத வெள்ளைக் கேப்பில் அது இல்லை. பின்பக்கப் பல்லுக்கு முழு உலோகக் கேப்பே நன்றாக உழைக்கும், அழகு மட்டும்தான் குறை. முன்பல்லில் துளை சிறிதென்றால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம்.

பிடுங்கினால்

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் வேண்டாம். கண் நரம்புக்கும் பல் நரம்புக்கும் பாதை வேறு. கவனிக்க வேண்டியது பிடுங்கிய குழியில் உறையும் ரத்தக்கட்டியைத்தான். பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. ஆறிய தயிர்சாதம், இட்லி, ஐஸ்கிரீம் சாப்பிடலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு 24 மணி நேரத்துக்குப் பிறகுதான்: ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறைவதற்குப் பதில் காதுவரை ஏறி, வாயும் நாறினால் அந்த ரத்தக்கட்டி கலைந்து எலும்பு தெரிகிறது என்று பொருள். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். மாத்திரையால் மட்டும் தீராது. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றே வலி இறங்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையில் போவது நல்லது. இதயத்துக்காக ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. ரத்தப்போக்கைப் பல் டாக்டர் தையலால் அடக்கலாம், மாத்திரையை நிறுத்தி வரும் பக்கவாதத்தை அப்படி அடக்க முடியாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் எடுப்பவர்கள் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு.

காசுதான் தடை என்றால் சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு. தனியார் பல் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைந்த கட்டணம்தான். மாணவர்கள் செய்வதால் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்தபிறகே அடுத்ததற்குப் போவார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.