செல்லப்பிராணியோட கடைசி நாள்ல கிளினிக் தப்பு பண்ணிட்டா, அதை எப்படிக் கேக்கறது

எங்க செல்லம் லட்டு போய் அஞ்சாம் நாள் சாயங்காலம் சாம்பல் வந்துச்சு. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, மூடியைச் சுத்தி ப்ரவுன் டேப், மேல மார்க்கர்ல அவன் பேரு. பெசன்ட் நகர்ல கரைக்கலாம்னு கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா கொஞ்சம் துளசிச் செடிக்குப் போடணும்னு சொல்லி ஒரு தட்டுல கொட்டினாங்க, அப்ப விரல்ல ஏதோ தட்டுப்பட்டுச்சு. கருகி ஒரு பக்கம் உருகிப்போன குட்டி மணி. லட்டுக்கு நாங்க மணி கட்டினதே இல்ல, 13 வருஷத்துல ஒரு நாள் கூட இல்ல, சத்தம்னாலே கட்டிலுக்கு அடியில போய்டுவான். தனியா எரிச்சுத் தர்றோம்னு சொல்லி கிளினிக்ல 6,500 ரூபா வாங்கியிருந்தாங்க, ரசீதுலயே "தனி தகனம்"னு போட்டிருக்கு.

அதுக்கப்புறம் மூணு மாசம் நான் அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன், சென்னையில நடந்தது ஆனா தமிழ்நாட்டுல எங்க இருந்தாலும் வழி இதேதான்.

முதல்ல ஒரு விஷயம், இது புரியாம நானே ரெண்டு வாரம் வீணாக்கினேன். நம்ம கோபம் பூரா "இந்த டாக்டர் ஒழுங்கா பாத்திருந்தா பொழைச்சிருக்கும்"ங்கிறதுலதான் போய் நிக்கும். அது ட்ரீட்மென்ட் பத்தின குற்றச்சாட்டு, அதை நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம், பெரும்பாலும் இன்னொரு டாக்டர் பாத்துட்டு "இது சரியான முறை இல்ல"ன்னு எழுத்துல தரணும், யாரும் லேசுல தர மாட்டாங்க. ஆனா கடைசி நாள்ல அவங்க என்ன சொன்னாங்க, எதுக்கு காசு வாங்கினாங்க, அதைச் செஞ்சாங்களாங்கிறது வேற குற்றச்சாட்டு. கேக்காமலே கருணைக்கொலை ஊசி போட்டுட்டாங்களா, நீங்க வந்து பாக்கறதுக்குள்ள உடலை மாநகராட்சி வண்டியில ஏத்திட்டாங்களா, தனி தகனம்னு சொல்லி மொத்தமா எரிச்சாங்களா, பில் கட்டலைன்னு உடலைத் தரமாட்டேன்னாங்களா, இதுக்கெல்லாம் எந்த எக்ஸ்பர்ட்டும் வேண்டாம், ரசீதும் மெசேஜும் போதும். சட்டத்துல இதுக்குப் பேரு சேவைக் குறைபாடு. ரெண்டையும் ஒரே லெட்டர்ல கலந்து எழுதாதீங்க, பலமான பாயிண்ட்டை பலவீனமானது இழுத்துட்டுப் போய்டும்.

அதே சமயம் டாக்டர் மேல தப்பில்லாத விஷயத்தையும் தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா அந்த ரூம்ல நாம பாக்கறது பாதி நமக்குப் புரியாது. முதல்ல மயக்கத்துக்குப் போடற ஊசிக்கே சில நாய் வாந்தி எடுக்கும், பூனையும் எடுக்கும். உயிர் போனப்புறமும் கண்ணு மூடாது, தானா மூத்திரம் போகும், தசை துடிக்கும், சில நேரம் ரெண்டு மூணு தடவை பெருமூச்சு மாதிரி வரும். எங்க அக்கா அதைப் பாத்துட்டு "உயிரோட இருக்கான், உயிரோட இருக்கான்"னு கத்தினா, இன்னிக்கும் அவளுக்கு அது கனவுல வருது. ஆனா அது உடம்போட அனிச்சைச் செயல், வலி இல்ல. முன்னாடியே இதைச் சொல்லியிருக்கணும், சொல்லாதது குறைதான், ஆனா அதை வெச்சு கேஸ் நிக்காது.

கேக்க வேண்டியது எதைன்னா, மயக்கம் குடுத்தாங்களா இல்லையா. பென்டோபார்பிட்டல், தயோபென்டோன் மாதிரி மருந்து தானே ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய் அப்புறம் மூச்சையும் இதயத்தையும் நிறுத்தும். மெக்னீசியம் சல்பேட்டோ பொட்டாசியம் குளோரைடோ அப்படி இல்ல, முழு மயக்கத்துல இல்லாத விலங்குக்கு அதைப் போடறது கொடுமை, உலகம் முழுக்க கால்நடை மருத்துவத்துல ஏத்துக்காத முறை அது. நம்ம ஊர்லயே 2023ல வந்த நாய் கருத்தடை விதிகள்ல, பொழைக்கவே வழியில்லாத தெரு நாய்க்குக் கூட பென்டோபார்பிட்டலை நரம்புல போடணும், இல்லைன்னா அங்கீகரிச்ச வேற கருணையான முறையில செய்யணும்னுதான் எழுதியிருக்கு. அதனால என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த நேரம், ஸ்டெத் வெச்சு இதயம் நின்னுடுச்சான்னு பாத்தாங்களா, இந்த நாலையும் கேஸ் ஷீட்ல இருந்து கேட்டு வாங்குங்க.

இப்ப நேரம் முக்கியமான வேலை. சாவு மேலயே சந்தேகம் இருந்தா உடலை எரிக்கவோ புதைக்கவோ விடாதீங்க, அது போச்சுன்னா ஆதாரமே போச்சு. போஸ்ட்மார்ட்டம் 24 மணி நேரத்துக்குள்ள நடந்தா நல்லது. நம்ம வெயிலுக்கு உடல் ரொம்ப சீக்கிரம் கெட்டுடும், துணியில சுத்தி பிளாஸ்டிக் கவர் போட்டு சுத்தி ஐஸ் வைங்க, ஆனா ஃப்ரீசர்ல போட்டு உறைய விடாதீங்க, உறைஞ்சா திசு சிதைஞ்சு மைக்ராஸ்கோப்ல ஒன்னும் தெரியாது. அதே கிளினிக்ல செய்ய ஒத்துக்காதீங்க. சென்னைன்னா வேப்பேரியில இருக்கற மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, வெளியூர்னா நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடுலயும் கால்நடைக் கல்லூரி இருக்கு, நோயியல் துறையில போன் பண்ணி கேட்டுட்டு கொண்டு போங்க. உங்க பக்கத்துல இருந்து ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, எதுல சந்தேகம்னு ரெண்டு வரியில, ரிப்போர்ட் எழுத்துல வேணும்னும் கேளுங்க.

பில்லுக்காக உடலைப் பிடிச்சு வெச்சா அங்க நின்னு சண்டை போடாதீங்க. காசைக் கட்டிடுங்க, ரசீதோட ஆபீஸ் காப்பியில "ஆட்சேபணையோட கட்டறேன்"னு எழுதி கையெழுத்து போட்டு போட்டோ எடுத்துக்கோங்க, எழுத விடலைன்னா அங்கயே நின்னு அதே வரியை வாட்ஸப்ல அனுப்புங்க. உடலை வாங்கிட்டு வந்தப்புறம் கணக்கு பேசிக்கலாம்.

அடுத்து பேப்பர். அன்னிக்கு ராத்திரியே உக்காந்து நடந்ததை மணிக்கணக்குப்படி எழுதுங்க, எத்தனை மணிக்கு போனோம், யாரு என்ன சொன்னாங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே. ஒரு வாரம் போனா நமக்கே குழம்பிடும், எனக்கு குழம்பிச்சு. நீங்க கையெழுத்து போட்ட சம்மதப் படிவத்தோட காப்பி கேளுங்க, நான் அதை படிக்கவே இல்ல, லட்டுவை மடியில வெச்சிருந்தேன், காட்டின இடத்துல போட்டேன். பின்னாடி வாங்கிப் பாத்தா அதுல ரெண்டு கட்டம் இருந்துச்சு, தனி தகனம், பொது தகனம், "தனி"யில அவங்களே டிக் போட்டிருந்தாங்க. அந்த ஒரு டிக்தான் எனக்கு கடைசி வரைக்கும் உதவுச்சு. கேக்காமலே ஊசி போட்டுட்டாங்கன்னா அந்த நேரத்து கால் லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, "போன்ல ஓகே சொன்னாங்க"ன்னுதான் பதில் வரும், வீட்டுல வேற யாராவது சொன்னாங்களான்னும் முதல்லயே விசாரிச்சுக்கோங்க. வாட்ஸப் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, போனையும் மாத்திடாதீங்க, கோர்ட்டுக்குப் போறப்ப புதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவுல மின்னணு ஆதாரத்துக்கான ஒரு சான்றிதழ் சேத்துக் குடுத்தா யாரும் குறை சொல்ல முடியாது.

சாம்பல் விஷயம்னா டப்பா, டேப், லேபிள் எதையும் தூக்கிப் போடாதீங்க. எரிக்கற இடத்தோட பேரு, வண்டி நம்பர், எரிச்ச தேதி நேரம் இதையெல்லாம் கிளினிக்ல மெசேஜ்ல கேளுங்க, சாதாரணமா கேக்கற மாதிரியே கேளுங்க, சண்டை ஆரம்பிச்சப்புறம் ஒரு வார்த்தை வராது. எங்களுக்கு வண்டிக்காரர் நம்பர் கிடைச்சுச்சு, அவர் பாவம், ஒளிக்காம "அன்னிக்கு நாலு இருந்துச்சு சார், ஒன்னாதான் வெச்சோம்"னுட்டார். கிளினிக் சொன்ன முதல் பதில் "அது வெளி ஆளுங்க, எங்களுக்கு சம்பந்தமில்ல". சம்பந்தம் உண்டு. காசை வாங்கி ரசீது போட்டது கிளினிக், ஒப்பந்தம் உங்களுக்கும் அவங்களுக்கும்தான். புகார்ல ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க, அவங்களுக்குள்ள யாரு கட்டறதுன்னு அவங்க பாத்துக்கட்டும்.

அப்புறம் லெட்டர். ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், திட்டாதீங்க, தேதி, என்ன பேசினோம், எவ்வளவு கட்டினோம், என்ன நடந்துச்சு, என்ன வேணும், 15 நாள் டைம், அவ்வளவுதான். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆனதை டவுன்லோட் பண்ணி வைங்க, மெயில்லயும் அனுப்புங்க. வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்பணும்னு சட்டம் இல்ல, ஆனா லெட்டர்ஹெட்டைப் பாத்தாதான் அசையற ஆளுங்களும் உண்டு. "என்ன வேணும்"ங்கிற இடத்துல நிதானமா யோசிங்க. நான் கேட்டது, தகனக் காசு திரும்ப வேணும், நடந்ததை ஒத்துக்கிட்டு எழுத்துல ஒரு கடிதம் வேணும், அன்னிக்கு எரிச்ச மத்த மூணு வீட்டுக்கும் சொல்லணும். வெறும் "நஷ்ட ஈடு 10 லட்சம்"னு எழுதினா அவங்க வக்கீல் கிட்ட ஓடிடுவாங்க, வாயே திறக்க மாட்டாங்க.

பதில் வரலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. புகாரை பதிஞ்சு கிளினிக்குக்கு அனுப்புவாங்க, நிறைய இடத்துல இதுலயே பேச வந்துடுவாங்க. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயோ வேலை பாக்கற ஊர்லயோ போடலாம், கிளினிக் இருக்கற ஊருக்குப் போகணும்னு இல்ல. நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸே கிடையாது, 50 லட்சம் வரைக்கும் மாவட்டத்துலயே முடியும், இந்தக் கணக்கு நீங்க கட்டின காசை வெச்சுதான், கேக்கற நஷ்ட ஈட்டை வெச்சு இல்ல. நடந்த தேதியில இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். எதிர்தரப்பு 30 நாள்ல பதில் போடணும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் குடுப்பாங்க. 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, நிஜத்துல இழுக்கும், அதுக்குத் தயாரா இருங்க. மன உளைச்சலுக்கும் சேத்து கேக்கலாம், "ஒரு நாய்க்கு என்ன விலை"ன்னு எதிர்தரப்பு கேக்கும், கேக்கட்டும், நீங்க பேச வேண்டியது விலையைப் பத்தி இல்ல, செய்யறேன்னு சொல்லி செய்யாத வேலையைப் பத்தி.

அரசு கால்நடை மருத்துவமனையில இலவசமா பாத்திருந்தா இந்த வழி கிடையாது, முழுக்க இலவசமா தர்ற சேவை நுகர்வோர் சட்டத்துல வராது. அங்க கால்நடைத் துறையோட மண்டல இணை இயக்குநருக்கு எழுதுங்க, முதலமைச்சர் ஹெல்ப்லைன் 1100ல பதியுங்க, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க. கேஸ் ஷீட் தரலைன்னா 10 ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும்.

டாக்டரோட நடத்தையே மோசம்னா, மயக்கம் குடுக்காம ஊசி போட்டது, கம்பவுண்டரை விட்டு போட வெச்சது, பொய் ரெக்கார்ட் எழுதினது மாதிரி, அதுக்குத் தனி இடம் இருக்கு, தமிழ்நாடு ஸ்டேட் வெட்டினரி கவுன்சில். 1984 இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பண்ணின டாக்டர்தான் வைத்தியம் பாக்க முடியும், அவங்களுக்கு 1992ல வந்த நடத்தை விதிகள் இருக்கு. முதல்ல அந்த ஆளு பதிவுல இருக்காரான்னே பாருங்க, ரசீதுல பதிவு எண் தேடுங்க. ஒன்னு ஞாபகம் வைங்க, கவுன்சில் உங்களுக்கு ஒரு ரூபா வாங்கித் தராது, நுகர்வோர் ஆணையம் டாக்டரோட பதிவைத் தொடாது. எது வேணுமோ அங்க போங்க, ரெண்டும் வேணும்னா ரெண்டு புகார்.

போலீஸுக்கு ஓடறவங்களும் இருக்காங்க. பாரதிய நியாய சன்ஹிதா 325ல விலங்கைக் கொன்னா 5 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, ஆனா அது வேணும்னே செஞ்சதுக்கு, கவனக்குறைவுக்கு இல்ல, ஸ்டேஷன்ல உக்கார வெச்சு அனுப்பிடுவாங்க. கூகுள் ரிவியூ எழுதினா நடந்ததை மட்டும் எழுதுங்க, "கொலைகாரன்"னு எழுதினீங்கன்னா அவதூறு நோட்டீஸ் உங்களுக்கு வரும், அப்புறம் நீங்க பதில் சொல்லிட்டு நிப்பீங்க.

எங்க விஷயம் நோட்டீஸ்லயே முடிஞ்சுச்சு. 12வது நாள் 6,500 திரும்ப வந்துச்சு, ஒரு கடிதமும் வந்துச்சு, அன்னிக்கு சேத்து எரிச்சது உண்மைன்னு, டாக்டர் கையெழுத்தோட. காசை விட அந்தக் கடிதத்தைப் படிச்சப்பதான் அம்மா அழுதாங்க. மத்த மூணு வீட்டுக்கு சொன்னாங்களாங்கிறதுக்கு மட்டும் பதில் இல்ல, திரும்ப ஒரு மெயில் போட்டிருக்கேன். அந்த மணியை ஜிப் கவர்ல போட்டு தேதி எழுதி பீரோவுல வெச்சிருக்கோம், யாரோட வீட்டுப் பிள்ளையோடதுன்னு தெரிஞ்சா நேர்ல கொண்டு போய் குடுக்கணும்.