வன்னி வெக்கையில் போர்த்துக்கல் வைன்: எப்படி வைப்பது, எப்படிக் குடிப்பது

வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் உங்கள் கையில் ஒரு போர்த்துக்கல் சிவப்பு வைன் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், முதலில் லேபிளில் உள்ள ஆண்டைப் பாருங்கள், அது திராட்சை பறித்த ஆண்டு. 1834இல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிற ஜோசே மரியா டா பொன்சேக்கா என்ற வைன் நிறுவனத்தின் பெரிக்கீட்டா மாதிரி வைன் என்றால், புது ஆண்டுப் போத்தலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பழசாக்கத் தேவையில்லை, குடிக்கலாம்.

பெரிய எதிரி வெக்கைதான். கிளிநொச்சியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை கிடந்தால் எந்த வைனும் வெந்துபோய்விடும், ஜன்னலோரமும் வேண்டாம், அடுப்படியும் வேண்டாம், வெயிலில் நிற்கிற ஓட்டோவுக்குள் மறந்துவிட்டுப் போகவே வேண்டாம். பிரிட்ஜ் இருந்தால் அதற்குள்ளேயே வையுங்கள். சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று சொல்வது குளிர்நாட்டு அறைக்குத்தான் பொருந்தும், தேவை 16 முதல் 18 பாகை. அதனால் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தாலே போதும். ஐஸ் போடாதீர்கள், தண்ணீராகிவிடும்.

சாப்பாடு? ஆட்டிறைச்சிக் கறி நல்ல பொருத்தம், ஆனால் தூளைக் குறையுங்கள், உறைப்பு ஏறினால் வைன் கசந்து தொண்டையை எரிக்கும். முல்லைத்தீவு இறாலுக்கு வெள்ளை வைன்தான் சரி. அப்புறம், இது சாராயம் இல்லை, ஒரே மடக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

மிஞ்சினால் தக்கையால் மூடி பிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளில் முடியாவிட்டால் கறிச்சட்டிக்குள் ஊற்றலாம்.