காணாமல் போன அப்பாவின்ர பேரைக் கலியாணக் காட்ல எப்பிடிப் போடுறன்

கிளிநொச்சியில கலியாணக் காட் அடிச்சுக் குடுக்கிற சின்னக் கிப்ட் கடை என்ர. 2009ல போர் முடியேக்க காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர பிள்ளையளுக்கு இப்பதான் கலியாணங்கள் நடக்குது, பழைய டிசைன்ல அப்பா பேருக்கு முன்னால 'அமரர்' எண்டு கிடக்கும், அதைப் பார்த்தவுடன அம்மாக்கள் அழுதிடுவினம், அந்த மனுசன் செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது? 2017 மாசியில இருந்து இங்க கந்தசாமி கோயிலடியில போராட்டம் இருந்த சனம் கேட்டதும் எங்கட ஆக்கள் எங்க எண்டுதானே.

அதால 'அமரர்', 'காலஞ்சென்ற' ரெண்டையும் டிசைன்ல இருந்தே எடுத்திட்டன், செத்தது நிச்சயம் எண்டு வீட்டாக்களே சொன்னா மட்டும் சேர்க்கிறன். மற்றாக்களுக்கு 'திரு, திருமதி இன்னார் தம்பதிகளின் செல்வப் புதல்வி' தான், கீழ அழைக்கிற இடத்தில அம்மான்ர பேர், இல்லாட்டி தாய்மாமன்ர. புரூவை வாட்ஸ்அப்பில அனுப்பாம அம்மாவையே கூப்பிட்டுக் காட்டுறன், அந்த ஒரு வரி அவவுக்குச் சரியா இருக்கோணும். மற்றது, மினுங்கிற தாள்ல மூலைக்குப் பூசிற மஞ்சள் ஒட்டாது, சொரசொரப்பான தாள் எடுங்கோ.