பூக்காத பந்தல் அவரை

சித்திரையில் கோபிசெட்டிபாளையம் வீட்டுக் கொல்லையில் நாட்டு அவரை போட்டேன். கொடி மாடிக் கைப்பிடி வரை ஏறியது. ஆவணி தாண்டியும் ஒரு பூ இல்லை. கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன், இலைதான் இன்னும் பெருத்தது. பூ பிடிக்கத் தெளிக்கும் தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்க வைத்தது) இரண்டு தடவை அடித்தேன், நுனி கிள்ளினேன். ம்ஹூம்.

கார்த்திகையில்தான் கவனித்தேன். கிணற்றுப் பக்கம் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. தெருவிளக்குப் பக்கம் வெறும் இலை. பக்கத்து வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்து, "விடிய விடிய வெளிச்சம் அடிச்சா அதுக்கு ஏது கண்ணு ராத்திரி?" என்றார். சரிதான். நாட்டு அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். அதனால்தான் ஆடியில் விதைக்கிறார்கள். சித்திரையில் போட்டது என் அவசரம்.

விளக்குப் பக்கம் பழைய சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, பொழுது சாய்ந்ததும் இறக்கி விட்டேன், காலையில் சுருட்டினேன். மூன்றாவது வாரம் அங்கும் மொட்டு. அப்பாடா!

இப்போது சித்திரைக்கு வெண்டையும், பகல் நீளத்தைப் பார்க்காத செடி அவரையும்தான். வெண்டை 45 நாளில் காய்த்துவிடுகிறது. இரண்டு நாள் பறிக்க மறந்தால் முற்றி நாராகிவிடும். பந்தல் ஆடி வரை காலி.